டாங்கி ஏன் நின்றது?

2017-இல் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஜகதீஷ் குமார், வளாகத்தில் நிறுத்த ஒரு ராணுவ டாங்கி வாங்கித் தரும்படி மத்திய அமைச்சர்களிடம் ஒரு விழாவிலேயே கேட்டார். வீரர்களின் தியாகம் மாணவர் மனத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் தரப்பு. கல்விக்கூடத்தில் ஆயுதம் இருக்கலாமா என்று இரண்டு பக்கமும் மோதிக்கொண்டார்கள். மேடையில் ஏற்றிய டாங்கி எதைக் கற்றுக்கொடுக்கிறது என்ற கேள்வி மட்டும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

டாங்கியைக் காட்சிக்கு நிறுத்துவதில் நன்மை இல்லாமல் இல்லை. பிள்ளையை எல்லையில் இழந்த வீட்டுக்கு அது ஓர் ஆறுதல். பாடப்புத்தகத்தில் படிக்காத வரலாறு, தொட்டுப் பார்க்கும் சிறுவனின் கைக்கு எட்டுகிறது. ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கிகள், ஓய்வுக்குப் பிறகு உருக்கு உலைக்குப் போகாமல் நிற்பதும் நல்லதே.

ஆனால் கைப்பற்றிய டாங்கியை மேடையேற்றும்போது அது நின்றுபோன காரணத்தைக் கீழேயே விட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு வீரம் தெரிகிறது. டீசல், தண்ணீர், சாலை, உதிரிபாகம் எதுவும் தெரிவதில்லை.

1965 செப்டம்பரில் கேம்கரண் பக்கம் அசல் உத்தரில் பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97 என்பது வழக்கமான கணக்கு. கரும்புக் காட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டதும் கனத்த பேட்டன் டாங்கிகள் சேற்றில் புதைந்தன. சிலவற்றை ஓட்டிவந்தவர்களே விட்டு இறங்கிப் போனார்கள். 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் மணல் அதே வேலையைச் செய்தது. பாகிஸ்தானின் பழைய ஷெர்மன் டாங்கிகள் வழியிலேயே பழுதாயின. விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தபோது, சிக்கி நின்ற படைக்கு மேலே காக்க ஒரு பாகிஸ்தான் விமானமும் இல்லை. 'பார்டர்' படம் பார்த்தவர்களுக்கு மேஜர் சாந்த்புரியின் உறுதி நினைவிருக்கும். அந்த உறுதி மெய்தான். மணலும் மெய்தான்.

ஆனையிறவு இன்னும் தெளிவான சாட்சி. 1991 ஜூலையில் புலிகள் இரும்புத் தகடு போர்த்திய புல்டோசரை இலங்கை ராணுவ முகாமுக்குள் ஓட்டிவந்தார்கள். காமினி குலரத்ன என்ற சிப்பாய் அதன்மேல் ஏறிக் கையெறி குண்டு வீசி, தானும் மாண்டார். அந்த வண்டி இன்று ஏ9 சாலையோரம் நினைவுச்சின்னம். அங்கே வண்டியை நிறுத்தியது ஒருவரின் துணிச்சல், அதில் மறுப்பில்லை. ஆனால் ஒன்பது ஆண்டு கழித்து அதே முகாம் எப்படி விழுந்தது? சுற்றிலும் உப்பளமும் உப்புநீருமான இடம். குடிநீர் இயக்கச்சிக் கிணறுகளிலிருந்து வர வேண்டும். புலிகள் அந்தக் கிணறுகளைப் பிடித்ததும், ஏப்ரல் வெயிலில் முகாம் நா வறண்டு தவித்தது. 2000 ஏப்ரல் 22-இல் ஆனையிறவு வீழ்ந்தபோது ராணுவம் பெரிய பீரங்கிகளையும் வாகனங்களையும் விட்டுவிட்டுப் பின்வாங்கியது. புல்டோசரைப் பார்த்துத் திரும்பும் பயணிக்கு அந்தக் கிணறுகளை அது காட்டுவதில்லை. முகாமின் கதியை முடிவு செய்ததில் புல்டோசரைவிடக் கிணற்றின் பங்கே அதிகம்.

தண்ணீரும் டீசலும் இல்லாமல் வண்டி நகராது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப் ஓட்டுநர், டயரைக் காலால் தட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புவார். கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றால் அன்றைய கூலி போச்சு என்பது அவருக்குத் தெரியும். 2022-இல் கீவ் நோக்கிக் கிளம்பிய ரஷ்யப் படைக்கு அந்தக் கவனம் இல்லை. சுமார் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு வாகன வரிசை நாள்கணக்கில் நின்றது. டீசல் தீர்ந்தது, சாலையைவிட்டு இறங்கியவை சேற்றில் சிக்கின. பிறகு கீவ் சதுக்கத்தில் சிதைந்த ரஷ்ய வண்டிகள் காட்சிக்கு வந்தன. 2024-இல் மாஸ்கோ பூங்காவில், பிடிபட்ட மேற்கத்திய டாங்கிகள். எதிரெதிர் அரசுகள், ஒரே கண்காட்சி, ஒரே மறைப்பு.

இந்தப் பள்ளத்தாக்கு வேறு மாதிரி நினைவுச்சின்னமும் கட்டியிருக்கிறது. லோயர்கேம்பில் 2013-இல் திறந்த மணிமண்டபம் பென்னிகுவிக்குக்கு. அவர் ராணுவப் பொறியாளர். ஆனால் கம்பம், கூடலூர் வீடுகளில் அவர் படம் மாட்டியிருப்பது சண்டைக்காக அல்ல. காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே, சுண்ணாம்பையும் அரிசியையும் ஆட்களையும் மலைமேல் சேர்த்து, 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்ததற்காக. சுமை ஏற்றிச் சேர்த்தவரை இங்கே சாமியாகவே கும்பிடுகிறார்கள். ராணுவ நினைவிடங்கள் அதே சுமைக்காரர்களை ஏன் ஒதுக்க வேண்டும்?

அசல் உத்தரில் பேட்டன்களை வீழ்த்தி உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீது, தம் கம்பெனியின் குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். சாமான் கணக்குப் பார்ப்பவர். அவர் சுட்டது டாங்கியிலிருந்து அல்ல, ஜீப்பில் பொருத்திய பீரங்கியிலிருந்து.

இனி எந்தக் கல்லூரி டாங்கி கேட்டாலும் ராணுவம் கூடவே ஒரு பலகையும் தரட்டும். பிடித்த வண்டியானால் எந்த ஊரில், எந்தத் தேதியில், குண்டாலா சேற்றாலா டீசல் இல்லாமலா நின்றது என்று எழுதட்டும். ஓய்வுபெற்ற வண்டியானால் ஒரு நாள் சண்டைக்கு எவ்வளவு டீசல் குடித்தது, அதை எந்தப் படைப்பிரிவு கொண்டுவந்தது என்று எழுதட்டும். அந்த விவரம் இல்லாத டாங்கியைக் கல்லூரிகள் வாங்க வேண்டாம்.