ஒரு பெயர், இரு வீரர்: தமிழ்ச் சித்திரக்கதைகளில் போட்டிப் பதிப்பக நாயகர்களின் கற்பனைச் சந்திப்பு

முன்னுரை

புனே நகரின் ஔந்த் பகுதியில் வாழும் தமிழர்க்கு அந்நகரின் 'வேதாள் டேக்டி' என்னும் குன்றின் பெயர் புதிதன்று. குன்றின் உச்சியில் வேதாளத்துக்கு ஒரு கோயில் உண்டு. மராத்திய நாட்டார் வழிபாட்டில் வேதாளம் பேய்களின் தலைவன். அதே வேளையில் ஊரைக் காக்கும் தெய்வமும் ஆவான். அமெரிக்கரான லீ ஃபால்க் 1936ஆம் ஆண்டு படைத்த 'ஃபேன்டம்' என்னும் முகமூடி நாயகனுக்கு மராத்தியிலும் இந்தியிலும் வேதாளத்தின் பெயரே சூட்டப்பட்டது. தமிழில் அந்நாயகன் இரு பெயர் பெற்றான். சிவகாசி வெளியீடுகளில் அவன் 'வேதாளர்'. ராணி காமிக்ஸில் 'முகமூடி வீரர் மாயாவி'. ஆனால் 'மாயாவி' என்னும் பெயரோ சிவகாசியின் முத்து காமிக்ஸில் வேறொரு நாயகனுக்கு முன்னரே உரியதாகியிருந்தது.

போட்டிப் பதிப்பகங்களின் நாயகர்கள் ஒரே கதையில் சந்தித்தால் என்னாகும் என்பது சித்திரக்கதை வாசகரின் நெடுநாள் விருப்பக் கற்பனை. 'கிராஸ்ஓவர்' எனப்படும் இவ்வகையினை இக்கட்டுரை 'கூட்டுக்கதை' என வழங்குகின்றது. மேலைநாட்டில் அச்சேறிய இக்கற்பனை தமிழில் ஏன் அச்சேறவில்லை என்பதையும், அச்சேறாத நிலையிலும் தமிழ்ப் பெயரிடல் அதற்கு எவ்வாறு களம் அமைத்தது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சந்திப்பு என்னும் கதைமரபு

வேறுவேறு கதைகளுக்குரிய வீரர் எதிர்ப்படுதல் நம் மரபுக்குப் புதிதன்று. பாரதத்தின் வனபருவத்தில் வீமன் வழியில் கிடக்கும் முதிய குரங்கின் வாலை நகர்த்த முயன்று தோற்கின்றான். பின்னரே அது இராமகாதையின் அனுமன் என அறிகின்றான். இச்சந்திப்பில் ஒருவன் தோற்க வேண்டும். அத்தோல்வியே கதையின் பொருள். வலிமைச் செருக்கு அடங்குவதற்கே இரு காப்பிய உலகங்களும் ஒரு வழியில் குறுக்கிடுகின்றன.

நாட்டார் மரபு இதனினும் துணிவுடையது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை' பாரதத்தின் அருச்சுனனை மதுரைக்குக் கொண்டுவந்து, ஆடவரை ஏற்காத பாண்டியநாட்டு அரசியின் முன் நிறுத்துகின்றது. காண்டீபம் ஏந்திய வீரன் அங்கு நேர்நின்று வெல்ல இயலாமல் பாம்புருக் கொள்ளும் சூழ்ச்சியை நாடுகின்றான். வடபுலக் காப்பிய நாயகனை உள்ளூர்க் கதைமாந்தர்க்கு ஈடு கொடுக்க வைத்தும் இறக்கிக் காட்டியும் கதை சொல்ல எவரிடமும் இசைவு பெறவேண்டிய தேவை அக்கதைப்பாடலுக்கு இருக்கவில்லை. அருச்சுனன் எவருக்கும் உடைமையாக இல்லாமையே அதற்குக் காரணம்.

உடைமையும் சமநிலையும்

இருபதாம் நூற்றாண்டின் சித்திரக்கதை நாயகர் இந்நிலையிலிருந்து வேறுபட்டவர். அவர்கள் நிறுவனங்களின் சொத்து. 1976இல் டி.சி., மார்வெல் ஆகிய இரு போட்டி நிறுவனங்களும் இணைந்து சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் ஒரே நூலில் சந்திக்கச் செய்தன. கோளையே அசைக்கும் ஆற்றலுடையவன் ஒருவன். சுவரேறும் இளைஞன் மற்றொருவன். இருவரும் மோதினால் முடிவு வெளிப்படை. ஆயினும் கதை அவ்வாறு செல்லவில்லை. சூப்பர்மேனின் பகைவனான லெக்ஸ் லூதர் செஞ்ஞாயிற்றுக் கதிரை ஸ்பைடர்மேன் மீது மறைவாகச் செலுத்த, அவன் சிறிதுநேரம் சூப்பர்மேனைத் தாக்க வல்லவனாகின்றான். பின்னர் ஆற்றல் குன்ற, இருவரும் தெளிவு பெற்று நண்பராகிப் பொதுப்பகைவரை எதிர்க்கின்றனர். அக்கதிர் கதையின் தேவையினால் வந்ததன்று. இரு உரிமையாளர்க்கும் இழுக்கு நேராமல் காக்கும் தேவையினால் வந்தது எனலாம்.

1996இல் இரு நிறுவனங்களும் தம் நாயகரை மோதவிட்டபோது ஐந்து மோதல்களின் முடிவு வாசகர் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. தோல்வியின் பொறுப்பை எந்நிறுவனமும் ஏற்க விரும்பாதபோது அது வாசகர் தோளில் ஏற்றப்படுகின்றது. இரு நிறுவனங்களின் நாயகர் குழுக்கள் இணையும் கதையொன்று 1979இல் திட்டமிடப்பட்டு, ஓவியர் ஜார்ஜ் பெரஸ் வரையவும் தொடங்கி, நிறுவனங்களின் கருத்து வேறுபாட்டால் 1983இல் கைவிடப்பட்டது. அதன் புதிய வடிவம் 2003இல்தான் வெளிவந்தது. 2025இல் பேட்மேனும் டெட்பூலும் சந்தித்தபோதும் செப்டம்பரில் ஒரு நிறுவனமும் நவம்பரில் மற்றொரு நிறுவனமுமாக ஆளுக்கொரு நூல் வெளியிட்டன. வீமன்-அனுமன் சந்திப்பில் பொருளை ஆக்குவது ஏற்றத்தாழ்வு. நிறுவனக் கூட்டுக்கதையிலோ ஏற்றத்தாழ்வே விலக்கப்பட்ட பொருள். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

தமிழ்ச் சித்திரக்கதைச் சூழல்

1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962 முதல் வெளிவந்த கதையின் தமிழ் வடிவம் இது. 1984இல் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வெளிவரத் தொடங்கி, 2005 வரை நீடித்தது. சிவகாசி இதழ்களும் ராணி காமிக்ஸும் ஒரே வாசகரை நோக்கிப் போட்டியிட்டன. பெட்டிக்கடையில் இரண்டும் ஒரே கயிற்றில் தொங்கின. சிறுவர் கையில் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளப்பட்டன.

இவை எவற்றுக்கும் நாயகர் சொந்தமில்லை. இரும்புக்கை மாயாவி இங்கிலாந்து நிறுவனத்தின் உடைமை. ஃபேன்டம் அமெரிக்கச் செய்தி முகமை ஒன்றின் உடைமை. தமிழ்ப் பதிப்பகம் பெற்றது மொழிபெயர்த்து வெளியிடும் உரிமை மட்டுமே. ஆகவே தமிழில் கூட்டுக்கதை எழுதப்படாமைக்குக் கற்பனை வறட்சி காரணமன்று. கதைமாந்தர் மீது உரிமையின்மையே காரணம். இங்கிலாந்தில்கூட இரும்புக்கை நாயகன், லயன் காமிக்ஸ் வழித் தமிழர் அறிந்த ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி ஆகியோர் 2005-06இல் 'ஆல்பியன்' என்னும் தொடரில் ஒருங்கே தோன்றினர். அதனை வெளியிட்டதோ டி.சி. நிறுவனத்தின் ஒரு பிரிவு. முத்து, லயன் இதழ்களை அடுத்தடுத்து வாசித்த தமிழ்ச் சிறுவன் தன் மனத்துள் அம்மூவரையும் அதற்கு முன்பே ஒன்றுகூட்டியிருத்தல் இயல்பு.

பெயரிடலே படைப்பு

நாயகர் மீது உரிமையற்ற தமிழ்ப் பதிப்பகத்தார்க்கு எஞ்சிய படைப்புவெளி பெயரே. 'மாயாவி' என்பது மரபில் நற்பெயரன்று. இராமாயணத்தில் வாலியோடு பொருது குகையுள் மறைந்த அசுரனின் பெயர் அது. மாயம் செய்து ஏய்ப்பவன் என்பதே அதன் வழக்குப் பொருள். இங்கிலாந்துக் கதையிலும் லூயிஸ் கிராண்டேல் தொடக்கத்தில் குற்றவாளியே. ஆய்வகப் பணியாளனான அவன் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பெறுகின்றான். உயர் மின்னழுத்தம் பாய்ந்ததும் உடல் மறைகின்றது. கை மட்டும் தெரிகின்றது. அவ்வாற்றலைத் தீமைக்குப் பயன்படுத்திய பின்னரே அவன் அரசின் மறைமுகப் படையில் சேர்கின்றான். 'மாயாவி' என்னும் தமிழ்ப்பெயர் அவன் திருந்திய பின்னும் அவனது பழைய குற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கின்றது. மூலத்தின் பெயரோ அவனது எஃகுக் கையை மட்டுமே சுட்டுகின்றது.

'வேதாளர்' என்னும் பெயர் இதனினும் நுட்பமானது. மராத்திய வாசகர்க்கு வேதாளம் காவல்தெய்வம்; ஆகவே பெயர் மாற்றமின்றிப் பொருந்தியது. தமிழ் வாசகர்க்கோ விக்கிரமாதித்தன் கதையிலும் அம்புலிமாமாவிலும் வேதாளம் முருங்கைமரத்தில் தொங்கிப் புதிர்க்கதை சொல்லும் பேய். இலக்கண நோக்கில் அஃறிணை. அதனைக் காவலனாக்க 'அம்' ஈற்றை நீக்கி 'அர்' ஈறு சேர்க்கப்பட்டது. ஓரீற்று மாற்றத்தால் அஃறிணைப் பேய் உயர்திணைப் பெரியவராகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக மண்டையோட்டின் மீது உறுதிமொழி ஏற்று வரும் இருபத்தோராம் வழித்தோன்றலுக்கு இம்மரியாதைப் பன்மை மிகப் பொருந்துவதாகும்.

ராணி காமிக்ஸ் வேறு வழியை மேற்கொண்டது. சிவகாசியின் நாயகனால் புகழ்பெற்றிருந்த 'மாயாவி' என்னும் பெயரையே ஃபேன்டமுக்குச் சூட்டி, 'முகமூடி வீரர்' என்னும் அடையை முன்னொட்டியது. இதில் வணிக நோக்கு இருந்திருக்கலாம். விளைவு இலக்கிய நோக்கில் சுவையானது. நெடுஞ்செழியன் என்னும் ஒரே பெயருடைய பாண்டியரைத் தலையாலங்கானத்துச் செருவென்றவன் என்றும் ஆரியப்படை கடந்தவன் என்றும் அடைகொண்டு பிரித்தறியும் மரபினர் நாம். அவ்வாறே தமிழ்ச் சிறுவரும் 'இரும்புக்கை', 'முகமூடி' என்னும் அடைகளைக்கொண்டு இரு மாயாவியரைப் பிரித்தறிந்தனர். ஒரு பெயரின் கீழ் இருவரை நிறுத்திய அளவிலேயே கூட்டுக்கதையின் முதற்படி தமிழில் நிகழ்ந்துவிட்டது.

இரு மாயாவியர் சந்தித்தால்

அடுத்த படியைக் கற்பனையாகவேனும் எடுத்துப் பார்ப்பது திறனாய்வுக்குப் பயன்தருவதாகும். இருவரின் உடலையும் முதலில் நோக்கலாம். முகமூடி வீரரின் உடல் முழுதும் வெளிப்படை. முகம் மட்டும் வாசகர்க்கு என்றும் காட்டப்படுவதில்லை. இரும்புக்கையாருக்கோ உடல் முழுதும் மறைவு. கை மட்டும் வெளிப்படை. ஒருவர் முகமற்ற உடல். மற்றவர் உடலற்ற கை. இருவர் கையும் அடையாளம் தாங்குவன. ஒருவர் விரலில் மண்டையோட்டு மோதிரம் பகைவர் தாடையில் அழியாத் தழும்பு பதிக்கின்றது. மற்றவருக்குக் கையே கருவி. இருவரும் கைகுலுக்கும் ஒரு படம் வரையப்பட்டால் அதில் ஓர் இரும்புக்கையும் ஒரு மோதிரக்கையும் மட்டுமே பொருள்தரும்.

அடுத்தது களம். மின்சாரமின்றி இரும்புக்கை மாயாவி மறைய இயலாது. முகமூடி வீரரின் அடர்கானகத்தில் மின்கம்பி இல்லை. அங்குச் சென்றால் அவர் எவர்க்கும் புலப்படும் ஒற்றைக்கை மனிதரே. இடியும் மின்னலும் வந்தாலன்றி அவர்க்கு உய்வில்லை. மாறாக, நகரத்தில் முகமூடி வீரர் நீள்சட்டையும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து வாக்கர் என்னும் பெயரில் தம்மை மறைத்துக்கொள்ள நேரும். ஆகவே முதற்பொருளாகிய நிலமே இக்கதையில் தலைமையை உறுதிசெய்யும். நிலத்தின் இயல்பு மாந்தரின் ஒழுக்கத்தை வகுக்கும் என்னும் திணைக் கோட்பாட்டை அறிந்த தமிழ்க் கதைசொல்லிக்குச் செஞ்ஞாயிற்றுக் கதிர் தேவைப்படாது. கானகத்தில் ஒருவர் தாழ்வார். நகரத்தில் மற்றவர் தாழ்வார்.

மூன்றாவது அறம். முகமூடி வீரரின் கடமை மூதாதையர் தந்தது, தாம் தேர்ந்துகொண்டதன்று. இரும்புக்கையாரின் ஆற்றல் விபத்தால் வந்தது. நன்மையோ அவர் தாமே பின்னர்த் தேர்ந்தது. மரபால் நல்லவரும் மனமாற்றத்தால் நல்லவரும் எதிர்ப்படும்போது எவர் அறம் பெரிது என்னும் வினா எழும். முன்னாள் குற்றவாளியின் தாடையில் மண்டையோட்டு முத்திரை பதியுமா, பதிந்தபின் அது அழியாது என்பதனால் மன்னிப்புக்கு இடமுண்டா என்பதே அக்கதையின் உயிர்நிலையாக அமையும். இரு உரிமையாளரின் ஒப்பந்தம் இவ்வினாவை எழுப்ப இடந்தருமா என்பது ஐயம். உடைமையற்ற வாசகன் தடையின்றி எழுப்பலாம்.

ஒரு மறுப்பும் விடையும்

இக்கதைகள் அயல்நாட்டுச் சரக்கு. தமிழாய்வுக்குரியன அல்ல என்பார் உளர். கதையும் ஓவியமும் அயலன என்பது உண்மை. ஆயின் பெயரும் உரையாடலும் தமிழ். இந்தியப் பதிப்புகளில் ஃபேன்டமின் நாடு 'டெங்காலி' எனவும், 'சிங்' கடற்கொள்ளையர் 'சிங்கா' எனவும் மாற்றப்பட்டமை, மொழிபெயர்ப்பாளர் இம்மண்ணின் உணர்வறிந்து செயற்பட்டதைக் காட்டும். இவ்வாறு தேர்ந்து மாற்றிய தமிழ்க் கைகள் யாவை என்பதே இன்று நாம் எழுப்ப வேண்டிய வினா. பழைய வெளியீடுகள் பெரும்பாலானவற்றில் மொழிபெயர்ப்பாளர் பெயர் அச்சிடப்படவில்லை. வேதாளத்தை வேதாளராக்கியவர் யார் என அறியாமலே ஒரு தலைமுறை அவர் தமிழில் வாசிக்கக் கற்றது. மட்டமான தாளில் அச்சான அவ்விதழ்கள் பல்கலைக்கழக நூலகங்களைக் காட்டிலும் தனிச் சேகரிப்பாளரின் பெட்டிகளிலேயே மிகுதியும் எஞ்சியுள்ளன.

முடிவுரை

போட்டிப் பதிப்பக நாயகரின் சந்திப்பு, கதைமாந்தர் எவருக்கு உரியவர் என்னும் வினாவின் மறுவடிவம் என்பது இதுகாறும் கூறியவற்றால் புலப்படும். உடைமையில்லாக் காப்பிய மரபில் அச்சந்திப்பு ஏற்றத்தாழ்வின் வழிப் பொருள் தந்தது. நிறுவன மரபில் சமநிலை காக்கும் உடன்படிக்கையாகச் சுருங்கியது. தமிழ்ச் சித்திரக்கதை உலகுக்கு நாயகர் மீது உரிமை இல்லாவிடினும் பெயர்மீது உரிமை இருந்தது. அவ்வுரிமையைக்கொண்டு அது இரு போட்டி நாயகரை ஒரு பெயரில் இணைத்தது. ஒரு நாயகனை இரு பெயரில் பிரித்தது. எஞ்சிய கதையை வாசகர் மனம் எழுதிக்கொண்டது. அம்மனங்கள் இன்று முதுமை எய்துகின்றன. இதழ்களைத் தொகுத்தலும், அவற்றில் உழைத்த மொழிபெயர்ப்பாளர் பெயர்களை வாய்மொழிச் செய்திகளின் வழியேனும் மீட்டலும் தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.