நல்லா அழுவா

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணைப் பற்றி ‘அவ நல்லா அழுவா’ என்று சொன்னால் அது பாராட்டு. கண்ணீர் நிறைய வரும் என்று அதற்கு அர்த்தமில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் சாவு வீடு களை கட்டும் என்று சொல்ல வாய் வரும், சொல்லக் கூடாது. அதுவரை பந்தல்காரனோடும் டீக்காரனோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆண்கள்கூடச் சற்று நின்று காது கொடுப்பார்கள். ஒப்பாரியைச் சடங்கு என்கிறார்கள், நாட்டார் வழக்காறு என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அது முதலில் பாட்டு. அதில் தேர்ந்தவர்களும் உண்டு, ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. ரசிகர்களும் உண்டு, தாங்கள் ரசிகர்கள் என்று அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

வெளியூரிலிருந்து வருகிறவள் தெருமுனையிலேயே குரலெடுத்துவிடுவாள். வாசலுக்கு வருவதற்குள் கொண்டை அவிழ்ந்திருக்கும். உள்ளே வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் விலகி அவளுக்கு இடம் விடுவார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலைகளை உள்பக்கமாகச் சாய்த்து, ஒன்றாக ஆடத் தொடங்குவார்கள். வெளியே நிற்பவனுக்கு முதுகுகள் மட்டும்தான் தெரியும். பாட்டு அந்த வட்டத்துக்குள் நடக்கிறது. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கடைசிச் சொல்லில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

இந்தப் பாட்டின் கட்டுமானம் லேசுப்பட்டது அல்ல. ஒரு கண்ணியின் முதல் பாதி பெரும்பாலும் செழிப்பில் தொடங்கும். பொன்னால் செய்த ஏதோ ஒரு பொருள், பூத்துக் குலுங்கும் தோட்டம், தண்ணீர் தளும்பும் கிணறு. அடுத்த பாதி அதே அளவில், அதே எதுகையில் நடக்கும். பொன் இருந்த இடத்தில் வெள்ளி வரும், மல்லிகை இருந்த இடத்தில் மரு வரும். கேட்கிறவர் இது வெறும் அடுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கடைசி அடியில் கிணறு வற்றியிருக்கும், தோட்டத்தில் ஆளிருக்காது. செத்தவரை முறை சொல்லிக் கூப்பிடும் விளி எங்கே விழுகிறது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டால் கண்ணி தளர்ந்துபோகும்.

ஒவ்வோர் அடி முடிவிலும் மூச்சை உள்ளிழுக்கும் ஒரு விம்மல் வரும். நான் ஒப்பாரியில் அதிகம் ரசிப்பது அதைத்தான். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நாம் நினைப்போம். அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விம்மல்தான் தாளம்; அடுத்த எதுகையைத் தேட அவளுக்குக் கிடைக்கும் நேரமும் அதுதான். நல்ல பாடகிக்கு விம்மல்கள் ஒரே இடைவெளியில் விழும். தடுமாறுகிறவளுக்கு விம்மல் நீண்டுகொண்டே போகும். பக்கத்தில் இருப்பவள் புரிந்துகொண்டு அடியை வாங்கிக்கொள்வாள்.

மெட்டு நாலைந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். மேலே எடுத்துப் படிப்படியாக இறங்கி, கடைசி எழுத்தில் இழுபட்டு நிற்கும். சோகம் என்றால் கச்சேரிக்காரர்கள் முகாரி என்பார்கள். இங்கே ராகம் தேடுவது வீண்வேலை. தாலாட்டை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டும் ஏறத்தாழ ஒரே இழுவை, ஒரே பொன்னும் வெள்ளியும். தாலாட்டில் சீர் சுமந்து வரும் தாய்மாமன் ஒப்பாரியில் எட்டிப் பார்க்காத அண்ணனாகியிருப்பான்.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டில் பாடிப் பழகவும் முடியாது. விளக்கேற்றுகிற வீட்டில் ஒப்பாரி ஆகாது. சேகரிக்கப் போகிறவர்களிடமும் வீட்டுக்குள் பாட மாட்டேன், தோட்டத்துப் பக்கம் வாருங்கள் என்பார்கள். ஆக, ஒத்திகையே இல்லாமல் நேரடியாக அரங்கேறும் கலை இது. சின்ன வயதில் அம்மாவின் மடியோரம் உட்கார்ந்து கேட்டதெல்லாம் உள்ளே கிடந்து, தனக்கென்று ஒரு சாவு வரும்போது எழுந்து வருகிறது.

என் உறவில் ஒரு பெரியம்மா. பங்காளி வீட்டுக் கிழவர் ஒருவர் போனபோது அவர் பாடியதைத் திண்ணையிலிருந்து கேட்டேன். கிழவருக்குக் கிடைத்தது முதல் மூன்று கண்ணிதான். நாலாவதில் பெரியம்மாவின் தகப்பனார் வந்துவிட்டார். அதற்கடுத்து, சொத்துப் பிரித்த ஆண்டு முதல் பேச்சை நிறுத்திய தம்பி. பிறகு, வாக்கப்பட்டு வந்த வீட்டில் கடைசிப் பந்தியில் தின்ற சோறு. அந்தச் சோற்றைப் போட்ட மாமியார் அதே வட்டத்தில், அவர் தோளில் கைபோட்டபடி உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. பேசவும் முடியாது, ஒப்பாரியில் சொன்னதற்கு மறுநாள் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அன்று ராத்திரி பெரியம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். ‘இறக்கி வச்சாச்சு’ என்றார், யாரிடமும் இல்லாமல் பொதுவாக.

வட தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இந்தப் பாட்டுகளைக் கேட்டு எழுதிய மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டிசெஸ், 2005இல் வந்த தமது ஆங்கில நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். நம்மூர்ப் பெண்களுக்கு இது செய்தியே அல்ல. தொல்காப்பியருக்கும் அல்ல. மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்க நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அசைவு என்பது பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துவது என்பார்கள் உரைகாரர்கள். சாவு இந்த நான்கில் ஒன்றுதான். பெரியம்மாவின் பாட்டில் நான்கும் வரிசையாக வந்தன; கிழவரின் சாவு கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவே.

அழுதால் மனசு லேசாகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் நம்புவதில்லை. தனியாகக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுகிறவளும் அழுகிறாள்; ஆறுதல் கிடைத்தபாடில்லை. கலையால் குணமாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உள்ளே இருப்பதை வெளியே கொட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள். கொட்டுவது சுலபம். ஒப்பாரி கொட்டவிடுவதில்லை. தம்பியின் துரோகத்தைச் சொல்ல வேண்டுமா, முந்தின அடியில் என்ன எழுத்து விழுந்ததோ அதற்கு இணையாகச் சொல் தேடு என்கிறது. தேடுகிற அந்த ஒரு நொடி அவள் துக்கத்துக்குள் இல்லை, துக்கத்தைக் கையில் வைத்துப் பார்க்கிறாள். அப்படிப் பார்த்துப் பார்த்து அடுக்கியதை ஒரு வட்டமே வாங்கித் திருப்பிப் பாடுகிறது. மருந்து ஏதாவது இருக்குமென்றால் இந்த இரண்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112ஆம் பாட்டைப் பாருங்கள். ஐந்தே அடி. போன மாதத்து நிலவில் தகப்பனும் குன்றும் இருந்தன, இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. இதற்கு மேல் அதில் செய்தி கிடையாது. ஒரே நிலவை இரண்டு பாதியிலும் வைத்து, கீழே இருப்பதை மட்டும் உருவிவிடும் அந்த வேலை அப்படியே ஒப்பாரிக் கண்ணியின் வேலை. புலவர்கள் அதைக் கையறுநிலை என்று துறை வகுத்துக்கொண்டார்கள். எந்த வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து அது எழுந்தது என்று எனக்குச் சந்தேகமில்லை.

கூலிக்கு மாரடிப்பது என்பதை வசவாக வைத்திருக்கிறோம். வசவுக்குரியது வேறொன்று: சாவு வீட்டுப் பறையும் மாரடிப்பும் சில சாதிகளின் தலையில் கட்டாயமாக ஏற்றப்பட்ட கொடுமை. அதைச் சொல்லாமல் இந்தக் கலையைக் கொண்டாடக் கூடாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு பாடுவதனால் பாட்டு பொய்யாகிவிடாது. துக்கத்தில் வாயடைத்துப் போன வீட்டில் யாரோ ஒருத்தி முதல் அடியை எடுத்தாக வேண்டும். அதை நன்றாக எடுப்பவளுக்கு வித்துவான் என்றே பெயர் கொடுப்பேன்.

இப்போது சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கண்ணாடிப் பெட்டி. குளிரூட்டியின் இரைச்சல் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. காலைத் தொட்டு அழ முடியாது. கண்ணாடி மேல்தான் கை வைக்க வேண்டும். பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. நாற்காலியில் உட்கார்ந்தால் வட்டம் கூடாது. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவாகுமே என்று குரலும் இறங்கிவிடுகிறது. மைக்செட்டில் பதிவு செய்த ஒப்பாரியைப் போட்டுவிடுகிறார்கள். குரல் பிரமாதமாகத்தான் இருக்கிறது. அதில் அந்த வீட்டுத் தம்பி இல்லை, மாமியார் இல்லை.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களைப் பற்றி நெடுங்காலம் எழுதிவருகிறவர். மருந்தும் மருத்துவமனையும் எட்டாத துயருக்கு ஒப்பாரி, கூத்து போன்ற நம் மரபுகள் கைகொடுக்கும் என்பது அவர் கருத்து. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2009இல் போர் முடிந்த பின் வன்னியில் அதிலும் ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. ஒப்பாரிக்கு ஓர் உடல் வேண்டும். குறைந்தபட்சம் செத்துவிட்டான் என்ற செய்தியாவது வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய்க்கு இரண்டும் இல்லை. முறைப்படி விளித்து அழுதால் பிள்ளை போய்விட்டதைத் தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். அதனால் அவள் குரலில் ஒப்பாரியின் இழுவை இருக்கும், விம்மல் இருக்கும், பிள்ளையின் பெயரும் இருக்கும். கண்ணியை முடித்துவைக்கும் அடி மட்டும் வராது. அந்த இடத்தில் ‘எங்கே’ என்ற கேள்வி வந்து நிற்கும்.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அந்தத் தாய்மார் படங்களை ஏந்தி உட்கார்ந்தார்கள். தொடர் போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது. பதில் வருவதற்குள் அவர்களில் பலர் செத்துப்போனார்கள். அவர்களுக்காவது உடல் இருந்தது. சுற்றி உட்கார்ந்து கண்ணியை முடித்துவைக்கச் சக தாய்மார் இருந்தார்கள்.