சத்தமில்லாத செயின், தேயாத செயின்: ஒரு மதிப்புரை வாக்கியத்தைப் பற்றி

ரோட் பைக்குக்கு மாற்றுச் செயின் வாங்க வேண்டும். பின்னால் 11 பல்சக்கரம் உள்ள ஷிமானோ செட். தேவை இரண்டே இரண்டு: சத்தம் போடக் கூடாது, சீக்கிரம் தேயக் கூடாது. இதற்காகக் கொஞ்ச நாளாகச் செயின் மதிப்புரைகளைப் படித்துக் கொண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. "போட்டேன், சத்தமே இல்லை, நல்லா உழைக்கும்." கடைக்காரர் சொல்வதும் இதுதான், பாக்கெட்டில் அச்சடித்திருப்பதும் இதுதான், ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் எழுதுவதும் இதுதான்.

இந்த வாக்கியத்தின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் சம்பந்தம் மிகக் குறைவு என்பது என் வாதம். சில சமயம் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகவே போகும். பணம் வீணாவது மட்டும் பிரச்சினை இல்லை. தேய்ந்த செயின் பின்னால் இருக்கும் கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்; கேசட்டின் விலை செயினைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது தேய்ந்த பல்லின் மேல் செயின் வழுக்கினால் அடுத்த நொடி எங்கே விழுவோம் என்று சொல்ல முடியாது.

தேய்வது எது?

இன்றைய செயினின் தாத்தா 1880-இல் மான்செஸ்டரில் பிறந்தார். சுவிட்சர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற வடிவம் அது. நடுவில் பின், அதைச் சுற்றி ஒரு சின்னக் குழாய் (நம்ம மெக்கானிக்குகள் புஷ் என்பார்கள்), அதற்கு மேல் உருளும் ரோலர். கோயம்புத்தூரில் தயாராகும் ரோலான் மாதிரியான மோட்டார் சைக்கிள் செயின்களில் இந்த அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

கியர் சைக்கிள் செயினில் அந்தப் புஷ் கிடையாது. உள்பட்டையின் துளை விளிம்பையே உள்பக்கமாக உதடு போல மடித்து, அதையே புஷ்ஷுக்குப் பதிலாக வைத்துவிட்டார்கள். பிரான்சின் செடிஸ் கம்பெனி தன் செடிஸ்போர்ட் செயின் மூலம் இதைப் பரவலாக்கியது. இதில் லாபம் உண்டு: செயின் பக்கவாட்டில் நன்றாக வளையும், கியர் சுலபமாக மாறும், எண்ணெய் சீக்கிரம் உள்ளே இறங்கும். எண்ணெய் போகிற வழியில் மண்ணும் போகும் என்பது நஷ்டம். மோட்டார் சைக்கிளில் போல ரப்பர் வளையம் போட்டு கிரீஸை உள்ளே அடைத்து வைக்கவும் இடம் இல்லை. மொத்த அகலமே ஐந்தரை மில்லிமீட்டர் சுற்றளவில்தான்.

ஆக, தேய்மானம் நடக்கும் இடம் பின்னுக்கும் அந்த உதட்டுக்கும் நடுவில். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. "செயின் இழுபட்டுப் போச்சு" என்கிறோம் இல்லையா, உண்மையில் பட்டைகள் எதுவும் நீள்வதில்லை. ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 11 ஸ்பீட் செயினை 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு மூட்டுக்கு 0.06 மி.மீ. சொச்சம். தலைமுடியின் தடிமன் அளவு. 116 கண்ணிகளிலும் இது சேரும்போது செயின் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீண்டிருக்கும். இந்த முடி அளவுத் தேய்மானம் எத்தனை கிலோமீட்டரில் வரும் என்பதுதான் "நீடித்து உழைக்கும்" என்பதன் முழு அர்த்தம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

முன்சக்கரத்தில் 50 பல், நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 75 கண்ணிகள் பல்லில் வந்து உட்காரும். நொடிக்கு 75 சின்னச் சின்னத் தட்டல். எந்தப் பிராண்டு செயின் போட்டாலும் இந்த எண்ணிக்கை மாறப்போவதில்லை.

பல்சக்கரம் வட்டம் போலத் தெரிந்தாலும் செயினைப் பொறுத்தவரை அது ஒரு பலகோணம். கண்ணி ஒவ்வொன்றாக ஏறும்போது செயின் கொஞ்சம் மேலேயும் கீழேயும் ஆடும், வேகமும் கூடிக் குறையும். 11 பல் சக்கரத்தில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 4 சதவீதம். 25 பல் சக்கரத்தில் 0.8 சதவீதம்தான். ஆகவே, சின்னப் பல்லில் வண்டி கரகரக்கிறது என்றால் செயின்மேல் மட்டும் பழி போட முடியாது. வடிவியல் அப்படி.

இது தவிர, முன்னால் பெரிய சக்கரம், பின்னாலும் பெரிய சக்கரம் என்று குறுக்காகச் செயினை ஓட்டினால் உரசும். டீரெய்லர் தொங்கும் கொக்கி துளி வளைந்திருந்தாலும் சத்தம் வரும். கேபிள் இழுவிசை ஒரு திருகு தவறினால், பக்கத்துப் பல்லைச் செயின் தட்டிக் கொண்டே ஓடும். ஷிமானோவின் 11 ஸ்பீட் செயின்களில் சிலவற்றுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. எழுத்துள்ள பக்கம் வெளியே தெரிய வேண்டும். இப்படி எண்ணிக்கொண்டே போனால், சத்தத்தில் பெரும்பங்கு செயினைப் பொருத்திய விதத்திலும் அது ஓடும் கோட்டிலும் இருக்கிறது. செயினுக்கே உரிய பங்கு மிச்சம் கொஞ்சம்தான்.

புதுச் செயின் எல்லாமே அமைதிதான்

மதிப்புரைகளின் அடிப்படைக் கோளாறு இங்கேதான். எழுதுகிறவர் பழைய செயினைக் கழற்றுகிறார். அது காய்ந்து, மண் அப்பி, தேய்ந்து போனது. புதுசு போடுகிறார். அது தொழிற்சாலை கிரீஸ் மினுமினுக்க வந்தது. அன்றைக்கே ஒரு சுற்று ஓட்டிவிட்டு "சத்தமே இல்லை" என்று எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒப்பிட்டது இரண்டு பிராண்டுகளை அல்ல. பழசையும் புதுசையும், காய்ந்ததையும் கிரீஸ் போட்டதையும். எந்தக் கம்பெனி செயினைப் போட்டிருந்தாலும் அதே வரியைத்தான் எழுதியிருப்பார்.

தலைகீழாகவும் நடக்கும். கேசட் தேய்ந்திருந்தால், அதோடு சேர்ந்து தேய்ந்த பழைய செயின் அதில் சமர்த்தாக உட்கார்ந்து சத்தமில்லாமல் ஓடும். நல்ல புதுச் செயின் போட்டதும் கடகடக்கும், வழுக்கும். உடனே ஒரு நட்சத்திரம்! "தரமில்லாத செயின்" என்று தீர்ப்பு. குற்றவாளி கேசட், தண்டனை செயினுக்கு.

இதைவிட ஆபத்தானது எண்ணெய். கெட்டியான எண்ணெயை நிறைய ஊற்றினால் எந்தச் செயினும் அமைதியாகிவிடும். எண்ணெய்ப் படலம் உலோகத்தின் தட்டலை விழுங்கிவிடும். அதே எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலும் எண்ணெயும் கலந்தால் கிடைப்பது வால்வு தேய்க்கிற பசை மாதிரி ஒன்று. அது பின்னுக்கும் உதட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, சத்தமே போடாமல் அறுக்கும். மறுபுறம், உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்த செயின் தொட்டால் காய்ந்திருக்கும், மண் ஒட்டாது, மெதுவாகத் தேயும். ஆனால் எண்ணெய்ச் செயினைவிடக் கொஞ்சம் சலசலக்கலாம். அப்போ காதை நம்பி மார்க் போட்டால் யாருக்கு மார்க் விழும்?

வாட் கணக்கு

மூன்றாவதாக ஒரு எண் வந்து குழப்பும்: இத்தனை வாட் மிச்சம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில் செயின் இயக்கத்தின் திறன் அதிகபட்சமாக 98.6 சதவீதம் வரை இருந்தது. சுத்தமான ஆய்வகச் சூழலில் எண்ணெயின் வகை திறனைப் பெரிதாக மாற்றவில்லை. பல் அதிகமுள்ள சக்கரமும் செயினின் இழுவிசையும்தான் அதிகம் பேசின. பிறகு ஃப்ரிக்ஷன் ஃபேக்ட்ஸ் போன்ற சோதனைக்கூடங்கள் எண்ணெய்க்கு எண்ணெய் சில வாட் வித்தியாசம் காட்டின. பந்தயக்காரருக்கு அந்தச் சில வாட் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று உராய்வு குறைவாக இருக்கிறது என்பதால் ஐயாயிரம் கிலோமீட்டர் கழித்துத் தேய்மானம் குறைவாக இருக்கும் என்று ஆகிவிடாது. உராய்வு, தேய்மானம், சத்தம் மூன்றும் வேறு வேறு. மூன்றையும் "ஸ்மூத்" என்ற ஒரே சொல்லுக்குள் திணிப்பது விளம்பரத்துக்கு வசதி, வாங்குகிறவனுக்கு அல்ல.

பாக்கெட் சொல்வது

தங்க நிறம்: டைட்டானியம் நைட்ரைடு பூச்சு கடினமானதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிப்பட்டை, தேய்மானம் நடக்கிற இடமே இல்லை. பின்னின் மேற்பரப்பு எப்படிக் கடினப்படுத்தப்பட்டது என்பதே கேள்வி. துளையிட்ட பட்டை, குழல் பின்: எடை பத்துப் பதினைந்து கிராம் குறையும். தண்ணீர் பாட்டிலில் ஒரு மடக்குக் குடித்தாலே அதைவிட அதிகம் குறையும். துருப்பிடிக்காத பூச்சு: கடற்கரைச் சாலையில் ஓட்டுபவருக்கு உபயோகம், ஆனால் துருப்பிடிக்காதது வேறு, தேயாதது வேறு. "நீளாது" என்ற வாசகம்: மேலே பார்த்தோம், நீள்வது என்று எதுவுமே நடப்பதில்லை. நடக்காத ஒன்றிலிருந்து பாதுகாப்பு தருவதாக வாக்குறுதி!

உருப்படியாகச் செய்பவர்கள்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஆஸ்திரேலியாவின் ஜீரோ ஃப்ரிக்ஷன் சைக்கிளிங் வேறு மாதிரி வேலை செய்கிறது. மோட்டார் வைத்துச் செயினை ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராக ஓட்டி, சில கட்டங்களில் மணல் போட்டு, சில கட்டங்களில் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தேய்மானத்தை அளக்கிறார்கள். அந்த முடிவுகளைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: பூச்சும் சுத்தமும் செயினின் ஆயுளைப் பெரிய அளவில் மாற்றுகின்றன, மெழுகு வகைகள் பட்டியலின் மேல்பக்கம் நிற்கின்றன. ஒரு எச்சரிக்கை: அவர்கள் அந்தப் பொருட்களை விற்கவும் செய்கிறார்கள். ஆனால் எப்படிச் சோதித்தோம் என்பதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். முறையைக் காட்டுகிறவரோடு சண்டை போடலாம். "சூப்பர்" என்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அளக்கும் கருவியிலும் வில்லங்கம் உண்டு. இரண்டு முனைகளை உள்ளே விடும் சாதாரணக் கருவி, இரு பக்க ரோலர்களையும் எதிரெதிராகத் தள்ளும். ரோலரின் ஆட்டமும் சேர்ந்து தேய்மானம் கூடுதலாகக் காட்டும். ஷிமானோவின் டிஎல்-சிஎன்42, பார்க் டூலின் சிசி-4 போன்ற மூன்று முனைக் கருவிகள் ரோலர்களை ஒரே பக்கம் தள்ளுவதால் இந்தக் கோளாறு இல்லை. கருவியே இல்லையா? அங்குல ஸ்கேல் போதும். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வைத்துப் பாருங்கள். 24-ஆவது பின் பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் 0.5 சதவீதம் ஆகிவிட்டது. எஸ்ராமின் ஃப்ளாட்டாப் செயினில் ரோலர் சற்றுப் பெரியது என்பதால் ரோலரை நம்பும் சாதாரணக் கருவிகள் அங்கே தப்பாகக் காட்டக்கூடும்.

என் தேர்வு

இதையெல்லாம் வைத்து நான் போட்ட பட்டியல் சின்னது. ஷிமானோவின் எச்ஜி601, எச்ஜி701, எச்ஜி901 மூன்றில் கடைசியில் குழல் பின். அந்த எடைக்காகக் காசு கொடுக்க வேண்டாம். முதல் இரண்டில் எது நியாயமான விலையில் கிடைக்கிறதோ அது. அதே விலையில் கேஎம்சியின் பூச்சில்லாத 11 ஸ்பீட் செயின் கிடைத்தாலும் சரி. மேல்தட்டுச் செயின் ஒன்று வாங்கும் பணத்தில் நடுத்தரம் இரண்டு வாங்கி, மாற்றி மாற்றிப் போடலாம் என்பது என் கணக்கு. பிரபலமான பெயர்களில் போலிகள் உலவுகின்றன, அதனால் பாதி விலைக்கு வரும் "ஒரிஜினல்" வேண்டாம். தெரிந்த கடையே நல்லது.

மிச்சக் காசு மெழுகுக்கும் ஒரு மூன்று முனைக் கருவிக்கும். மழைக்காலத்தில் மெழுகு சீக்கிரம் போய்விடும், அடிக்கடி முக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது உள்ளே. வெளியே மினுங்குவது மண்ணுக்கு அழைப்பு.

சத்தத்தை என்ன செய்வது? மட்டம்தட்டிவிட வேண்டாம். ஆனால் அதைச் செயினுக்கு மார்க் போடப் பயன்படுத்தாமல், வண்டி சொல்லும் தகவலாகக் கேட்கலாம். எல்லாப் பல்லிலும் சலசலத்தால் மெழுகோ எண்ணெயோ தீர்ந்துவிட்டது. ஒரே பல்லில் மட்டும் என்றால் கேபிளையோ அந்தப் பல்லையோ பாருங்கள். மிதித்து அழுத்தும்போது மட்டும் டக்கென்று குதித்தால் அன்றைக்கே ஸ்கேலை எடுங்கள். எந்தச் சத்தமும் இல்லையென்றால்? மாதம் ஒருமுறை அப்போதும் எடுங்கள்.