குழாய்க்குள் ஒரு கோடு

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் போனால் திருவெறும்பூர் தொடங்கி துவாக்குடி வரை இரும்பு வேலைதான் பிழைப்பு. 1960களில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்தது. அதை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே அமைந்தது. இந்தப் பக்கத்தில் ஒருவரை ‘ஹை பிரஷர் வெல்டர்’ என்று அறிமுகப்படுத்தினால் டீக்கடையில்கூடத் தனி மரியாதை உண்டு. கொதிகலன் குழாய்களைப் பற்றவைக்க, சட்டப்படி சோதனை கொடுத்துத் தேறியவர் அவர். அந்த மரியாதை எவ்வளவு நியாயமானது என்று தெரிய, அவர் போடும் ரூட் ரன்னைப் பார்க்க வேண்டும்.

இரண்டு குழாய்களின் முனைகளைச் சாய்வாகச் சீவி, நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு எதிரெதிரே நிறுத்துவார்கள். முதல் சுற்றுதான் ரூட் ரன். அது ஆர்கான் வெல்டிங். வலது கையில் டார்ச், இடது கையில் ஃபில்லர் கம்பி. இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் போதும். டார்ச்சின் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் 3,400 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அதனால் அது தான் கரையாமல் எதிரில் இருப்பதைக் கரைக்கிறது. ஆர்கான் வாயு சுற்றி நின்று, காற்று உள்ளே நுழையாமல் காக்கிறது.

கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் உருகிய உலோகம் ஒரு சிறு குட்டையாகப் பளபளக்கும். அதன் முன்விளிம்பில், இரண்டு குழாய்களின் ஓரமும் கரையும் இடத்தில், சின்னதாக ஒரு துளை திறக்கும். கீஹோல் என்பார்கள். வெல்டரின் கண் முழுக்க அதில்தான். துளை பெரிதானால் உலோகம் உள்ளே வழிந்து தொங்கும். மூடிக்கொண்டால் சூடு அடிவரை போகவில்லை என்று அர்த்தம். முழுச் சுற்றுக்கும் அது ஒரே அளவில் இருக்க வேண்டும். சோதனையில் குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்திருப்பார்கள். அடியில் தலைக்கு மேலே பார்த்துப் போடுவது, பக்கவாட்டில் ஏற்றிப் போடுவது, உச்சியில் கிடைமட்டமாக முடிப்பது என எல்லாம் ஒரே ஜாயிண்டில் வந்துவிடும். விரற்கடைக்கு விரற்கடை உலோகம் வழியப் பார்க்கும் திசை மாறுகிறது. டார்ச்சின் கோணமும் உடம்பின் சாய்வும் அதற்கேற்ப மாறுகின்றன. ஆனால் கம்பி சொட்டும் இடைவெளி மட்டும் மாறாது. சங்கீதத்தில், விளம்ப காலத்தில் பாடும்போதுதான் ஒருவரின் காலப்பிரமாணம் தெரியும் என்பார்கள். இங்கேயும் அதே சோதனைதான்.

இதைவிடக் கடினம் கண்ணாடி வெல்டிங். கொதிகலனுக்குள் குழாய்கள் நெருக்கமாக இருக்கும். பின்பக்கம் தலையை நுழைக்க முடியாது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பின்னால் பொருத்தி, பிம்பத்தைப் பார்த்தே பற்றவைக்க வேண்டும். டார்ச்சை அப்பால் தள்ளினால் பிம்பத்தில் அது நம்மை நோக்கி வரும். கண் சொல்வதற்கு எதிராகக் கையைப் பழக்கியவர்கள் இவர்கள். நம் நாட்டுத் தொழிற்கலைகளில் இதற்கு ஈடான கைத்திறன் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். மேடையும் பட்டமும் இல்லாததால் அது குறைந்துவிடாது.

இத்தனை பாடுபட்டுப் போட்ட கோடு குழாயின் உட்புறத்தில் இருக்கிறது. அடுத்த சுற்றுகள் போட்டு மூடியபின் யாரும் அதைப் பார்க்க முடியாது. படம்தான் சாட்சி. ஆட்கள் கலைந்த இரவில், இரிடியம்-192 என்ற கதிரியக்க மூலத்தை வைத்துப் படம் எடுப்பார்கள். சிறிய குழாயின் ஜாயிண்ட் அதில் நீள்வட்டமாக விழும். நடுவே நேராக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அடிவரை பற்றவில்லை. உருண்டையான கறுப்புப் புள்ளி என்றால் வாயு சிக்கியிருக்கிறது. பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால், கணநேரம் கை தாழ்ந்து டங்ஸ்டன் நுனி குட்டையில் பட்டு ஒடிந்திருக்கிறது. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் வெல்டர் எண் பதிவாகியிருக்கும். ரிப்பேர் யாருடையது என்று தேட வேண்டியதில்லை. கெடுபிடிக்குக் காரணம் உண்டு. பெரிய கொதிகலனில் இப்படிப் பல்லாயிரம் ஜாயிண்டுகள். ஒன்றில் ஊசித்துளை விழுந்தாலும் பீறிடும் நீராவி பக்கத்துக் குழாயை அறுக்கும். மொத்த யூனிட்டையும் நிறுத்த வேண்டியதுதான்.

வெளிப்பக்கத்து அழகையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசிச் சுற்றான கேப்பிங்கில் ஒவ்வொரு அலைவரியும் குட்டை ஒருமுறை உறைந்த தடம். வரிகள் சம இடைவெளியில் இருந்தால் கை நிதானமாகப் போயிருக்கிறது. ஓரத்தில் பள்ளம் தெரிந்தால் அண்டர்கட். கரண்ட் கூடிவிட்டது, அல்லது ஓரத்தில் கை நின்று நிரப்பவில்லை. நல்ல ராடு போட்டு நல்ல கை இழுத்த இடத்தில், மேலே படிந்த ஸ்லாக் சுத்தியல் படும் முன்பே சுருண்டு எழும். அதைப் பார்ப்பதே ஒரு சுகம். கேட், கிரில் பட்டறைகளில் இந்த வரியைக் கிரைண்டரால் தேய்த்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்துவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் வழவழப்பைக் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பியின் நடுவில் விழுந்த ஒழுங்கான வரி அப்படியே இருக்கட்டும். ஆழத் தேய்த்தால் பலமும் குறையும், போட்டவரின் கையும் அழியும்.

ஆனாலும் என் முதல் விருப்பம் உட்புறக் கோடுதான். பால் பண்ணைகளின் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களில் அது இன்னும் நுட்பமாகிறது. குழாய்க்குள்ளும் ஆர்கான் நிரப்பிப் பற்றவைப்பார்கள். உள்ளே மேடுபள்ளம் இருந்தால் பால் தங்கும். தங்கிய இடத்தில் கிருமி வளரும். வேலை தொடங்குமுன் மாதிரி ஜாயிண்ட் ஒன்றைப் போட்டு, நெடுக அறுத்துப் பார்ப்பது வழக்கம். கோடு கறுத்துப் பொரிந்திருந்தால் உள்ளே காற்று இருந்திருக்கிறது. வெள்ளியாகவோ மிஞ்சினால் வைக்கோல் நிறமாகவோ, விரலுக்கு லேசாகத் தட்டுப்படும் மெல்லிய மேடாகச் சுற்றி வந்திருந்தால், மீதி ஜாயிண்டுகளை எல்லாம் அந்த வெல்டரிடமே தயங்காமல் கொடுக்கலாம்.