வட்டாரச் சொல்லகராதிகள்: பட்டறிவும் பயிற்சியும்

அகராதியில் ‘மரவகை’, ‘மீன்வகை’, ‘ஒருவகைக் கருவி’ என்று பொருள் கூறப்படும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர் வழியின்றி நிற்க நேர்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் (1924–1936) நிகண்டு மரபினின்று பெற்ற இவ்வழக்கத்தை விட்டுவிடவில்லை. தொகுத்தோரின் புலமையில் குறை கூறுதல் இயலாது. ஆயின் உழவும் நீரிறைப்பும் பற்றிய சொற்களில் பலவற்றை அவர்கள் ஏட்டின் வழியே அறிந்தனர் என்பது பொருள் கூறும் முறையிலேயே புலனாகிறது.

கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தபோது இந்நிலையில் ஒரு மாற்றம் நேர்ந்தது. தொகுத்தவர் இடைசெவல் ஊரின் உழவர். உயர்நிலைப் பள்ளிக் கல்வியையும் முடிக்காதவர். சொல்லுக்குச் சொல் என்று நிறுத்தாமல், அச்சொல் எவ்விடத்து, எவ்வேலையின்போது வழங்கும் என்பதையும் கூறிச் செல்வது அவர் போக்கு. அகராதியியலில் பயிற்சி பெற்றோர் இதனை விளக்க மிகுதி என்பர். அம்மிகுதியே இந்நூலின் பயன் எனலாம்.

‘கமலை’ என்னும் சொல்லைக் கொண்டு இதனை நோக்கலாம். ‘நீரிறைக்கும் கருவி’ என்பது பிழையான பொருளன்று. ஆனால் ஏற்றத்துக்கும் இறைகூடைக்கும் அதுவே பொருந்தும். கமலையில் மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கின்றன. சால் மேலே வருகிறது. வால்கயிறு தோற்குழாயை வாய்க்காலின் பக்கம் திருப்ப, நீர் கொட்டுகிறது. மாடுகள் பின்னடைந்து மேலேறுகின்றன. இவ்வசைவை அறியாத மொழிபெயர்ப்பாளர், நெம்புகோல் முறையில் இயங்கும் ‘டேங்குலி’ என்ற இந்திச் சொல்லை இட்டுவிடக்கூடும். அங்ஙனம் இட்டால் கதையில் வரும் மாடுகளுக்கு வேலை இல்லாமற் போகும். ‘மோட்’ என்பதே ஏற்ற சொல். இத்தேர்வுக்கு வேண்டிய அறிவு சொற்பிறப்பு ஆராய்ச்சியால் கிடைப்பதன்று. கமலை ஓட்டியவரிடமிருந்தோ, ஓட்டியவரை நெருங்கி நின்று கேட்டவரிடமிருந்தோதான் கிடைக்கும்.

நெருங்கி நின்று கேட்டோரும் இந்தியாவில் உண்டு. ஆட்சிப் பணியாளராகிய கிரியர்சன் 1885இல் வெளியிட்ட ‘பீகார் உழவர் வாழ்க்கை’ என்ற நூலில் பொருள்களை முதலில் நிறுத்தி, அவற்றின் உறுப்புகளுக்கு மாவட்டந்தோறும் வழங்கும் பெயர்களைத் தந்தார். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி மொழியியல் முறைப்படி களத்தில் திரட்டிய தெலுங்குத் தொழிற்சொற்கள், வேளாண்மைத் தொகுதியாக 1962இலும் கைத்தறித் தொகுதியாக 1971இலும் வந்தன. எச்சொல் எப்பகுதியினது என்ற கேள்விக்கு இவை விடை கூறுகின்றன. பட்டறிவு மட்டும் உடையவர் இக்கேள்வியை எழுப்புவதே அரிது. தம் ஊர்ச் சொல் அவருக்குச் சொல்லாகவே தோன்றும், கிளைமொழி வடிவமாகத் தோன்றாது.

கரிசல் அகராதியின் குறையும் இங்கேதான் உள்ளது. சொல்வகைக் குறிப்பு, ஒலிப்பு, ஊர்க்குறிப்பு ஆகியவை அதில் முறையாக அமையவில்லை. கரிசல் நிலத்தில் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல. ஆசிரியரின் வீட்டுமொழியும் தெலுங்கே. ஆகவே ஒரு சொல் அவ்வட்டாரத் தமிழர் அனைவர்க்கும் பொதுவா, தெலுங்கு பேசுவோர் தமிழில் மட்டும் வழங்குவதா என்று மொழியியலார் வினவும்போது நூல் பெரும்பாலும் விடை தருவதில்லை. இது சிறு குறையன்று. மொழித்தொடர்பு ஆய்வுக்கு மிக வளமான ஒரு நிலப்பகுதியின் சான்றுகள் இதனால் பாதி பயனையே தருகின்றன.

எனினும் இக்குறையைக் காட்டி நூலை ‘மூலத் தரவு’ என்று ஒதுக்குவது நேர்மையாகாது. கள ஆய்வில் உழவர் ‘தகவலாளி’ எனப்படுகிறார். அவர் கூறிய விளக்கம் ஆய்வாளரின் அட்டையில் ஏறியதும் ஆய்வாளருடையதாகிவிடுகிறது. கரிசல் அகராதியில் தகவலாளியே ஆசிரியர். எது தலைச்சொல் ஆகும், எங்கே விளக்கம் வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவரே. பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. அதற்கு முன்பே அகராதி வந்துவிட்டது என்பது கருதத்தக்கது.

பின்வந்த இரு நூல்கள் இவ்வழியில் தோன்றியவை. கொங்கு வட்டாரச் சொல்லகராதியை (2000) ஆக்கிய பெருமாள்முருகன் உழவர் குடியிற் பிறந்து முனைவர் பட்டம் பெற்ற கல்லூரி ஆசிரியர். நடுநாட்டுச் சொல்லகராதியை (2007) ஆக்கிய கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளர். பட்டம் உடையவர் நூல், இல்லாதவர் நூல் என்று இவற்றைத் தரம் பிரிப்பதால் பயனில்லை. ஒவ்வொரு பதிவிலும் பொருள் தெளிவாகிறதா, வழங்கிடம் தெரிகிறதா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

அகரவரிசை பற்றியும் ஒன்று கூறவேண்டும். கமலை ஓரிடத்திலும் சால், வடம், வால்கயிறு ஆகியவை வெவ்வேறு இடங்களிலும் சிதறிக் கிடக்க, அகரவரிசை ஒரு கருவியைத் துண்டுதுண்டாக்கிவிடுகிறது. கிரியர்சன் முறையில் உறுப்புகளை ஒருசேரக் காணலாம். வட்டாரச் சொல்லகராதிகள் மறுபதிப்புக்கு வரும்போது, உழவு, நீரிறைப்பு, ஆடுமாடு எனும் துறைகளின்படி ஒரு பின்னிணைப்பும் கருவிகளுக்குக் கோட்டுப்படங்களும் சேர்க்கலாம். கமலை மறைந்து மின்னிறைப்பி வந்துவிட்டமையால், படம் வரைவோர்க்கு உறுப்புகளைச் சரிபார்த்துச் சொல்லத்தக்கவர்கள் இனி முதியோர் மட்டுமே.