இரண்டாம் சரணம் தெரியுமா?

ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையில், நம் ஆலயத்துக்கு எதிர்த் தெருவில் இளைஞர் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி ஆண்டுதோறும் ஒரே பாடலோடுதான் புத்தாண்டைத் திறந்து வைக்கிறது. 1982-இல் வெளிவந்த 'சகலகலா வல்லவன்' திரைப்படத்தின் 'இளமை இதோ இதோ' என்னும் பாடல் அது. அதை எழுதிய வாலி 2013-இல் மறைந்தார், பாடிய எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 2020-இல் மறைந்தார். எனினும் அக்குரல் ஒலிக்காமல் நம் தெருவில் எந்தப் புத்தாண்டும் பிறந்ததில்லை.

சென்ற முறை ஒலிபெருக்கியின் அருகே நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, இப்போ வர்ற பாட்டுல எது இந்த மாதிரி நாப்பது வருஷம் நிக்கும்?" விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆயினும் அதற்கு உடனே விடை கூற நமக்குத் துணிவு வரவில்லை. ஏனெனில் இதே கேள்விக்கு ஒருமுறை விடை கூறித் தோற்றவர் நாம்.

1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது நாம் குருமட மாணவர். அங்கு நடத்திவந்த கையெழுத்து ஏட்டில், 'சின்னச் சின்ன ஆசை' என்ற பாடல் கருவிகளின் புதுமையால் மட்டுமே செவியைக் கவர்கிறது என்றும், புதுமை பழகியதும் ஐந்தாண்டுகளில் உதிர்ந்துவிடும் என்றும் எழுதினோம். அப்பாடலுக்காக வைரமுத்து தேசிய விருது பெற்றபோதும் நம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின், நம் பங்கின் தையல் பயிற்சி நிலையத்தில் இயந்திரச் சத்தத்தினிடையே ஒரு பெண் எக்கருவியும் இன்றி அப்பாடலை முணுமுணுக்கக் கேட்டோம். அவர் அத்திரைப்படம் வந்த காலத்தில் பிறக்காதவர். கருவிகளின் புதுமை என்று நாம் எதைக் குறைகூறினோமோ, அது நீங்கிய பின்னரும் பாடல் நின்றது. நாம் இசைக்கருவிகளைக் கேட்டோமேயன்றிப் பாடலைக் கேட்கவில்லை.

அத்தோல்வி தந்த பாடம் ஒன்று உண்டு. வெளியாகும் நாளில் ஒரு பாடலைச் சுற்றி நிற்பவை பல. நடிகரின் புகழ், ஆடலின் கவர்ச்சி, ஒலிப்பதிவின் மினுக்கம், விளம்பரத்தின் ஓயாத உந்துதல் ஆகிய அனைத்தும் சேர்ந்தே நம் செவியில் விழுகின்றன. காலம் அவற்றை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கிறது. பரிபாடலின் பாடல்கள் பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண் வகுக்கப்பட்டு, இசையமைத்தோர் பெயர்களும் குறிக்கப்பட்டவை. எழுபது பாடல்கள் இருந்தனவாக மரபு கூறுகிறது; முழுமையாக இன்று கிடைப்பவை 22. அவற்றின் இசையோ அறவே மறைந்துவிட்டது. எஞ்சியது சொல். ஆகவே எது நிற்கும் என்று கேட்பவர், எல்லாம் உரிந்தபின் எது எஞ்சும் என்றே முதலில் கேட்க வேண்டும்.

எண்ணிக்கை இதற்கு விடை சொல்லாது. 2011-இல் வெளியான 'ஒய் திஸ் கொலவெறி டி' சில வாரங்களிலேயே உலகெங்கும் பரவியது. அதன் புகழைக் குறித்து அன்று எழுதாத ஏடில்லை. அண்மையில் நம் மறைக்கல்வி வகுப்பில் அவ்வாண்டை ஒட்டிப் பிறந்த பிள்ளைகளிடம் அதைப் பற்றிக் கேட்டோம். தலைப்பை அறிந்திருந்தனர், அதற்கு மேல் ஓர் அடியும் ஒருவருக்கும் தெரியவில்லை. 'மாரி 2' திரைப்படத்தின் 'ரவுடி பேபி' 2020-இல் யூடியூபில் 100 கோடி பார்வைகளைக் கடந்தது. அதன் துள்ளலை நாம் பழிக்கவில்லை. ஆடுவதற்கென்று அமைந்த பாடல் ஆடவைப்பதில் பிழையுமில்லை. ஆனால் 'பார்வைகள்' என்ற சொல்லே உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. அவை பார்க்கப்பட்ட எண்ணிக்கை, பாடப்பட்ட எண்ணிக்கை அல்ல.

நாம் கைக்கொள்ளும் முதல் சோதனை மிக எளியது: இரண்டாம் சரணம் தெரியுமா? 'மயக்கமா கலக்கமா' (1962) என்னும் கண்ணதாசன் பாடலை நம் பங்கின் முதியோர் பலர் முற்றுமுழுதாகப் பாடுவர். பல்லவி அவர்களைக் கவர்ந்திருக்கலாம். சரணங்களோ அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கின்றன. ஊரைவிட்டே போய்விட நினைத்திருந்த வேளையில் அப்பாடலே தம்மைத் திரையுலகில் நிறுத்தியது என்று வாலியே சொல்லியிருக்கிறார். இன்றைய பாடல்களிற் பல, கைபேசியில் சில நொடிகள் ஓடும் காட்சிக்கு ஏற்ற ஒற்றைத் தொடரை மையமாகக் கொண்டு சுழல்கின்றன. அத்தொடர் தூண்டிலின் முள்ளைப் போல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பிடித்தபின் ஊட்டுவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

இரண்டாம் சோதனை: வாழ்வின் ஏதேனும் ஒரு நாழிகை இப்பாடலைத் தனதென்று கேட்கிறதா? 'சாரதா' (1962) திரைப்படத்தின் 'மணமகளே மருமகளே' திருமண வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. கண்ணதாசனின் 'வீடுவரை உறவு' இறந்தோர் வீட்டு வாசலில் ஒலிக்கிறது. இவற்றின் திரைப்படங்களை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. 'இளமை இதோ இதோ'வின் இரண்டாம் சரணத்தை நம் தெரு இளைஞர் அறியார். எனினும் ஆண்டின் ஒரு நாழிகை அதற்குப் பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டது. ஆகவே நிலைத்தல் இருவகைப்படும் எனக் கொள்ளலாம். நெஞ்சில் நிற்பது ஒன்று. வழக்கில் நிற்பது மற்றொன்று. இரண்டிலும் நிற்பதையே நாம் தயங்காமல் காலத்தை வென்ற பாடல் என்போம்.

மூன்றாம் சோதனையை நமக்குக் கற்பித்தவள் ஒரு சிறுமி. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகள், அடக்கத் திருப்பலிக்கு முன் நம்மிடம் வந்து, "அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு சாமி, கோயில்ல ஒரே ஒரு தடவை போடட்டுமா?" என்று கேட்டாள். 2019-இல் வந்த 'விஸ்வாசம்' திரைப்படத்தின் 'கண்ணான கண்ணே' அது. தாமரை எழுதி, இமான் இசையமைத்தது. திருவழிபாட்டில் அதற்கு இடமில்லை என்று மறுத்தோம். விதியின்படி நாம் கூறியது சரியே. ஆனால் கூறிய முறையில் கனிவு இருக்கவில்லை. சினிமாப் பாட்டா என்ற இளக்காரம் நம் குரலில் இருந்தது. அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை.

கல்லறையில் செபங்கள் முடிந்து அனைவரும் மண்ணிட்டபின், அவள் குழியருகே நின்று அப்பாடலைத் தானே பாடினாள். கருவியில்லை, ஒலிபெருக்கியில்லை; குரல் இருமுறை உடைந்தது. பல்லவியோடு நிறுத்தாமல் இறுதிவரை பாடினாள். தந்தை மகளுக்குச் சொல்வதாக எழுதப்பட்ட சொற்களை, அன்று மகள் தந்தைக்குச் சொன்னாள். சொற்கள் அந்த இடமாற்றத்தைத் தாங்கின. அங்கிருந்த ஒருவரும் அசையவில்லை. நாமும் அசையவில்லை. எழுதியவர் எண்ணிப் பாராத இடத்தில், எண்ணிப் பாராத வாயில் ஒரு பாடல் உண்மையாக ஒலிக்குமா என்பதே அந்த மூன்றாம் சோதனை.

இம்மூன்றையும் கொண்டு பார்க்கையில், அண்மைக்காலப் பாடல்களில் மூன்றினைத் துணிந்து கூறுவோம். முதலாவது அந்தக் 'கண்ணான கண்ணே'. இரண்டாவது, 'தங்கமீன்கள்' (2013) திரைப்படத்தின் 'ஆனந்த யாழை'. நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாடல் அது. 2016-இல், நாற்பத்தொன்றாம் வயதில் அவர் மறைந்துவிட்டார். தந்தை மகள் அன்பைப் பாட வந்தவர், உலகின் அழகனைத்தையும் அந்த ஓர் உறவின் வழியே காணச் செய்திருக்கிறார். உரக்கப் பாட இயலாத பாடல் அது. பிள்ளையின் காதருகே பாடத் தக்கது. அவ்வாறு பாடப்படுபவை நெடுநாள் வாழும்.

மூன்றாவது, திரைப்படத்தைச் சாராது 2021-இல் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் தலைமுறையை நினைத்து அறிவு எழுதியது. அவரும் தீயும் பாடியது. இதை ஆட்டப் பாடல்களோடு சேர்த்து ஒதுக்குவோர் உளர். அவர்கள் ஒப்பாரியைக் கேட்டறியாதவர். நட்டு வளர்த்தவருக்கு நிழல் கிட்டாத துயரத்தை, குழந்தைகளும் கூடிப் பாடும் மெட்டில் வைத்திருப்பதே அதன் வலிமை. குழந்தைப் பருவத்தில் உயிரினங்களின் பெயர்களுக்காகக் கற்றுக்கொள்வோர், வளர்ந்தபின் அதன் பொருளைக் கண்டடைவர். அதன் உரிமையும் பெருமையும் யார் யாரைச் சேரும் என்று 2022-இல் எழுந்த வழக்காட்டையும் அது கடந்து நிற்கும் என்றே எண்ணுகிறோம்.

எனினும் நம் அளவுகோலை முறிக்கும் சான்று ஒன்றையும் மறைக்காமல் கூறுவது கடமை. 1991 தீபாவளி நாளில் 'தளபதி', 'குணா' ஆகிய இரண்டும் ஒருங்கே வெளிவந்தன. இரண்டுக்கும் இளையராஜாவே இசை. வசூலில் முந்தியது முன்னது. 'குணா'வின் 'கண்மணி அன்போடு' பேச்சும் பாட்டும் கலந்த ஒரு மடல். தனியொருவர் வாயால் பாட எளிதன்று. அதைக் கேட்கும் சடங்கும் நம் வாழ்வில் இல்லை. நம் முதல் இரு சோதனைகளிலும் அது தோற்றிருக்கும். 33 ஆண்டுகள் கழித்து, 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளத் திரைப்படத்தில், கொடைக்கானல் குகையின் பிளவில் வீழ்ந்த நண்பனை மேலேற்றும் காட்சியில் அது ஒலித்தபோது, காதலுக்கென எழுதப்பட்டது நட்பின் பாடலாயிற்று. அரங்குகளில் கண்ணீர் வடித்தவருட் பலர் அப்பாடலுக்குப் பின் பிறந்தவர்கள். மூன்றாம் சோதனை ஒன்றே அதைக் காத்தது. அதுவும் யாரும் நடத்தத் திட்டமிடாத சோதனை.

ஆகவே இந்த முன்னறிவிப்பைப் பணிவோடு செய்கிறோம். மூன்று பாடல்களின் பெயர்களையும் நம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளோம். 2050-இல் இப்பங்கு இல்லத்தில் வாழும் குரு எவரோ, அவர் அதைப் பிரித்துப் பார்த்து நம்மை நகைக்கலாம். முன்பொரு முறை தோற்ற நமக்கு அது புதிதன்று. கேள்வி கேட்ட மாணவருக்கும் இதே விடையைக் கூறினோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஆனந்த யாழை முழுசாத் தெரியாது சாமி, கத்துக்கிறேன்" என்றார். அந்தச் சிறுமியிடமும் நாம் கூற வேண்டியது ஒன்று இருந்தது. அவள் இப்போது செவிலியர் பயிற்சியில் இருக்கிறாள். சென்ற விடுமுறையில் வந்தபோது, அன்று கடிந்து பேசியதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.