அம்மா எந்தப் பாஸில் வந்தார்?

சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்த அம்மாவைத் தெரிந்திருக்கும். ஊரிலிருந்து வருவார். சாங்கி விமான நிலையத்தில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு திருதிருவென்று நிற்பார். பன்னிரண்டாவது மாடி வீவக வீட்டில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பார். மகன் எப்போதும் பிஸி. மருமகள் கொஞ்சம் வெடுக். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். கடைசிப் பக்கத்தில் அம்மா "என்னை ஊருக்கே அனுப்பிடுப்பா" என்பார். மகன் கண் கலங்குவான். கதை முடிந்துவிடும்.

போட்டிக் கதைகளிலும் ஆண்டு மலர்களிலும் இந்த அம்மாவைப் பல முறை சந்தித்துவிட்டேன். எல்லாமே மோசமான கதைகள் இல்லை. சிலவற்றில் அம்மாவின் பேச்சு அப்படியே காதில் விழும். என் குறை ஒன்றுதான். நான் வாசித்த எதிலும் அம்மா எந்தப் பாஸில் வந்தார் என்று சொல்லப்படவே இல்லை.

"இலக்கியத்துக்கு எதுக்குடா ஃபாரம் நம்பர்?" என்று ஒரு நண்பன் சிரித்தான். எனக்கு வேலை கட்டுமானத் துறையில். ஒரு உத்தரம் வளைகிறது என்றால் உத்தரத்தின் மனநிலையை ஆராய மாட்டோம். அது எங்கெங்கே தாங்கப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். இந்தக் கதைகளில் அம்மா வளைகிறார், மகன் வளைகிறான். ஆனால் தூண் எங்கே நிற்கிறது என்று எழுதியவர் காட்டுவதில்லை.

தூண் இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்யும் ஒருவர் மனைவி மக்களை அழைத்துவர, மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். அப்பா அம்மாவை நீண்டகால வருகை அட்டையில் வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி. மனைவிக்கு 6,000, அம்மாவுக்கு 12,000. மாமியார் மருமகள் கதைக்கு இதைவிட நல்ல முதல் வரி கிடைக்குமா என்று தெரியவில்லை. 9,000 வெள்ளி வாங்கும் மகன் அம்மாவை ஊருக்கு அனுப்புவதும் 13,000 வெள்ளி வாங்கும் மகன் அனுப்புவதும் ஒரே செயல் இல்லை. நம் கதைகளில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் அழுகிறார்கள். அதோடு, அந்த அட்டை மகனின் பாஸோடு கட்டப்பட்டது. மகனுக்கு வேலை போனால் அம்மாவும் கிளம்ப வேண்டியதுதான். வீட்டில் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பாசம் மட்டுமா காரணம்?

நிரந்தரவாசம் இன்னும் சிக்கலானது. வயதான பெற்றோர் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். அவரே நிரந்தரவாசி என்றால் போதாது. விண்ணப்பித்தாலும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆக, அம்மாவை நிரந்தரமாகக் கூட வைத்துக்கொள்ள நினைக்கும் மகன் முதலில் அம்மாவுடைய நாட்டின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்காக அம்மாவின் நாட்டை விடுவது! இவ்வளவு பெரிய விஷயம் தரையில் கிடக்கிறது, நாம் குனிந்து எடுக்காமல் மறுபடியும் சன்னல் கம்பியையே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. 1995-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். 60 வயதான, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். ஆனால் அந்தப் பெற்றோர் சிங்கப்பூரில் நிலையாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு அம்மாவுக்கு இந்தக் கடமை எட்டாது. இதைத் தவறு என்று சொல்லவில்லை, எந்த நாட்டுச் சட்டமும் அப்படித்தான் இருக்கும். மகன் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு முகவரி இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கிறேன்.

பாட்டியைப் பற்றி விதிகள் பேசுவது குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு இடம், மாணவர் பாஸில் இங்கே படிக்கும் பிள்ளையோடு வந்து தங்குவதற்கு. அதில் தாய் அல்லது பாட்டி விண்ணப்பிக்கலாம். அப்பாவோ தாத்தாவோ அந்த வரியில் இல்லை. யாருக்குச் சமைக்கத் தெரியும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் லீ ஐசக் சுங்கின் 'மினாரி' படத்தைச் சொல்லவேண்டும். 2020-இல் வந்தது, பாட்டியாக நடித்த யூன் யூ-ஜங்குக்கு அடுத்த ஆண்டு ஆஸ்கார் கிடைத்தது. அர்கன்சாஸில் பண்ணை போடப் பார்க்கும் கொரியக் குடும்பம். அதிலும் விசா பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் அந்தப் படம் நம் கதைகளைவிட நேர்மையாகத் தெரிகிறது. காரணம், பாட்டி ஏன் வருகிறார் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் கோழிக்குஞ்சுகளை ஆண் பெண் என்று பிரிக்கும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். பாட்டி மிளகாய்த்தூளும் நெத்திலியும் கொண்டுவருகிறார், சீட்டாடுகிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார். பேரன் "நீ நிஜப் பாட்டி மாதிரி இல்லை" என்கிறான். அவர் பாசத்தின் சின்னமாக வரவில்லை, வேலைக்கு வந்திருக்கிறார். பாசம் பின்னால்தான் வருகிறது. நம் கதைகளின் அம்மாவும் பேரப்பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறார். 'பார்க்க' என்றால் கண்ணால் பார்க்க என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம்.

நம் ஆட்கள் மட்டும்தான் இப்படி எழுதுகிறார்கள் என்று இல்லை. கனடாவில் இதற்கென ஒரு திட்டமே உண்டு. அதன் பெயரிலேயே பெற்றோரோடு தாத்தா பாட்டியும் இருக்கிறார்கள். 2011 நவம்பரில் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தி, 2014-இல் 5,000 என்ற உச்சவரம்போடு திறந்தார்கள். 2017-இல் குலுக்கல். 2019 ஜனவரியில் முந்துபவருக்கு முதலிடம் என்று இணையத்தில் திறந்தபோது பத்து நிமிடம் போல்தான், இடம் தீர்ந்துவிட்டது. ஸ்பான்சர் பண்ணுகிறவர் கியூபெக் தவிர மற்ற மாநிலங்களில் 20 ஆண்டுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். 70 வயது அம்மாவுக்கு 90 வரைக்கும். டொரொன்டோத் தமிழர்களின் கதைகளில் பனி நிறையக் கொட்டுகிறது. அந்தப் பத்து நிமிடத்தை, மவுஸில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு மகளை, நான் இன்னும் வாசிக்கவில்லை.

என்னை வளர்த்ததில் பாதி அம்மாச்சி. ஒரு மாத முத்திரையில் வருவார், போவார், மறுபடி வருவார். அம்மா வேலைக்குப் போன வீடு எங்களுடையது. நான் உயர்நிலை மூன்றில் இருந்தபோது அம்மா குடியுரிமை வாங்கினார். உடனே அம்மாச்சிக்கு அப்ளை பண்ணலாம் என்று தாள்களை எல்லாம் எடுத்து வைத்தார். அம்மாச்சி போனில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அங்க வந்து யாரப் பாத்துக்கறது? புள்ளைங்க வளந்துட்டுதுங்க. சும்மா ஒக்காந்து சாப்புடறதுக்கு எதுக்குடி எனக்கு கார்டு?"

கதையில் இதையே எழுதினால் 'மண்ணை விட்டு வர மனமில்லாத அம்மா' ஆகிவிடும். அவர் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்குத்தான் பார்த்தார்.

அவருடைய பழைய பாஸ்போர்ட் இப்போது என்னிடம் இருக்கிறது. முத்திரைகளை வைத்து என் சின்ன வயதை வரிசைப்படுத்திவிடலாம்: எனக்கு அம்மை போட்டது, தங்கை பிறந்தது, தொடக்கநிலை ஆறு பரீட்சை. 2009-இல் ஒன்றுக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. போன வாரம் அம்மாவிடம் காட்டிக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார்.

"அதுவா? அப்பாவுக்கு வேல போயிருச்சுல்ல, நான் ரெண்டு ஷிஃப்ட் பாத்தேன். அப்ப வந்துச்சு."